வக்கீல் பங்கு

2002 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகலில், செங்கல்பட்டு சார்பு நீதிமன்றத்தில் பனையடிக்குப்பம் மீனவர்களின் வழக்குக் கூப்பிடப்பட்டது. வாதிகள் வந்திருந்தனர். அவர்களுடைய முதல் சாட்சியான கன்னியம்மா வந்திருந்தாள். வழக்கறிஞர் திருநாவுக்கரசு மட்டும் வரவில்லை. அவருடைய ஜூனியர் ஜெசிந்தா எழுந்து வாய்தா கேட்டபோது, நீதிபதி இம்முறை வக்காலத்தைப் புரட்டிப் பார்த்து, அதில் அவள் பெயர் இல்லை என்றார். வாதிகளுக்காகப் பேச உரிமையுள்ள எவரும் ஆஜராகாத காரணத்தால் வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒன்பது ஆண்டுகளாக அந்தக் குப்பத்தின் மணலைக் காத்துவந்த இடைக்காலத் தடையும் அத்துடன் ஒழிந்தது.

ஏறத்தாழ அதே நேரத்தில் திருநாவுக்கரசு தில்லியில், மக்களவையில், தம் இடத்தில் எழுந்து நின்று, கடற்கரைச் சிற்றூர்களில் மீனவர்களின் கரையுரிமையைக் காக்க அரசு என்ன செய்திருக்கிறது என்று அமைச்சரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி தெளிவாக இருந்தது. அமைச்சர் சற்றுத் தடுமாறினார். மறுநாள் நாளேட்டில் படத்துடன் செய்தி வந்தது.

திருநாவுக்கரசு படாளத்துக்காரர். நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணிந்தவர். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் அவர் குரல் உயர்ந்து எவரும் கேட்டதில்லை. இடக்கையை வழக்குக் கட்டின்மேல் ஊன்றிக்கொண்டு, பதறாமல், ஒரு சொல்லைக்கூடத் திரும்பச் சொல்லாமல் பேசுவார். பனையடிக்குப்பத்தார் அவரைத் தேடி வந்தது 1993 இல். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருந்த அந்தக் குப்பத்தின் பின்புறச் சவுக்குத் தோப்பைச் சென்னை விடுதி நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. தோப்புக்கு முன்னால் அலை வரைக்கும் கிடந்த மணலும் தனக்கே சேரும் என்று அது வேலிக்கு அளந்தது. படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் அந்த மணலைத் தவிர ஊருக்கு வேறு மணல் இல்லை. திருநாவுக்கரசு கட்டணம் வாங்காமல் வழக்கை எடுத்தார். மூன்றே வாரத்தில் தடை வாங்கிக் கொடுத்தார்.

அன்று ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. கரைவலை இழுத்து மீனைப் பங்கு பிரிக்கும்போது முதலில் கோயிலுக்கு ஒரு பங்கு வைப்பார்கள்; பிறகு வலைக்கு, பிறகு இழுத்தவர்களுக்கு. இனிமேல் கோயில் பங்கை அடுத்து வக்கீலுக்கு ஒரு பங்கு என்று தீர்மானமாயிற்று. அவர் வேண்டாம் என்றார், ஊர் கேட்கவில்லை. அப்படியானால் அதை ஏலம் விட்டு அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். ஆயினும் மணலில் வைக்கும்போது, 'வக்கீல் பங்கு' என்று உரக்கச் சொல்லியே வைத்தார்கள்.

அந்தப் பங்குதான் அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. கோவளத்திலிருந்து செய்யூர் வரையில், பங்கு வைத்த வக்கீல் என்றால் குழந்தைக்கும் தெரிந்தது. 1999 பொதுத் தேர்தலில் கட்சி அவரைத் தேடி வந்து நிறுத்தியது, வென்றார். பதவி ஏற்றதும் மற்ற வழக்குக் கட்டுகளை எல்லாம், வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்திட்டுப் பிற வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்தார். பனையடிக்குப்பம் கட்டை மட்டும் ஒப்படைக்கவில்லை. "நான் எம்.பி. ஆகியிருக்கலாம். ஆனால் இன்றைக்கும் பனையடிக்குப்பத்தின் வக்கீல்தான்!" என்று அவர் சொல்லாத மேடை இல்லை, கை தட்டாத கூட்டமும் இல்லை. கைதட்டல் தில்லிக்குப் போயிற்று. கட்டு செங்கல்பட்டில் கிடந்தது. ஜெசிந்தா வாய்தா மேல் வாய்தாவாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தொடரின் இடைவேளையில் அவர் ஊர் திரும்பியபோது மார்ச் முடியும் தறுவாயில் இருந்தது. தள்ளுபடியான வழக்கை மறுபடியும் கோப்பில் எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். வராமற்போனதற்குத் தக்க காரணத்தைச் சத்தியம் செய்து எழுத வேண்டும். அலுவலகத்தில் அவருடைய குமாஸ்தா தர்மராஜ் காரணத்தைத் தயாராகவே வைத்திருந்தான்.

"சார், இந்தக் கோர்ட்டுல செத்த கேசுங்க எல்லாம் ரெண்டே வியாதியாலதான் பொழைச்சு எழுந்துகீது. ஒண்ணு, வக்கீலுக்கு ஜுரம். இல்லாட்டி, குமாஸ்தா தேதியைத் தப்பா எழுதிட்டான். ஜுரம் ஒங்களுக்கு ஒத்துவராது. பேப்பர்ல போட்டோ வந்துட்சு, தெம்பா வேற நிக்கிறீங்க. அதனால குமாஸ்தாவப் புடிங்க."

"பதினெட்டை நீ எப்படித் தப்பாக எழுதினாய்?"

"இருபத்தெட்டுன்னு எழுதினேன். கண்ணு சரியில்ல."

"பொய்ச் சத்தியம் பண்ணப்போறியா, தர்மா?"

"இன்னா சார், புதுசாப் பண்றாப்ல கேக்கறீங்க!"

திருநாவுக்கரசு சிரிக்கவில்லை. எதிர் மேசையில் இருந்த ஜெசிந்தாவைப் பார்த்தார். கோவளத்து மாதா கோயில் தெருவிலிருந்து பேருந்தில் வந்து ஆறு ஆண்டுகளாக அவரிடம் வேலை கற்றவள். தேவையில்லாமல் வாய் திறக்கமாட்டாள்.

"நீ என்னம்மா சொல்றே?"

"கேசு உயிரோட வந்தாப் போதும் சார். பின்னாடியே ஹோட்டல்காரங்க வேலிக் கம்பம் நட ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் அவள். பிறகு, "ஆனா மூணு நாள் முன்னாடியே நான் ஒங்களுக்கு போன் பண்ணினேன். 'நானே வர்றேன், கன்னியம்மாவை நான்தான் விசாரிப்பேன், நீ தொடாதே'ன்னு சொன்னீங்க. அப்புறம் பார்லிமெண்டு கேள்வி லிஸ்ட்ல ஒங்க பேர் வந்திருச்சு" என்றும் சொன்னாள்.

அதில் குற்றச்சாட்டு இல்லை; நடந்தவற்றின் வரிசை மட்டுமே இருந்தது. அதனாலேயே அவருக்கு அது கனத்தது.

அன்று மாலை கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் துரை தொலைபேசியில் வந்தார். "அண்ணே, கேள்விப்பட்டேன். குமாஸ்தா தப்புன்னா குமாஸ்தாவோட போயிடும். ஒங்க தப்புன்னா எலக்ஷன் வரைக்கும் கூடவே வரும். மேலிடத்துல ஒங்கள மந்திரிக்கே பேசிகினு கீறாங்க. பேஜாரு பண்ணிக்காதீங்க."

வாக்குமூலம் தட்டச்சாயிற்று. தர்மராஜ் ஒரு முறைக்கு இரு முறை படித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டான். அதனுடன் சேர்க்கும் மனுவில் வாதிகளின் கையெழுத்து மட்டும் மீதி. மறுநாள் காலையில் திருநாவுக்கரசு ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு பனையடிக்குப்பம் போனார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் திரும்பியதும் கம்பங்கள் கண்ணில் பட்டன. தோப்பின் தெற்கு ஓரத்திலிருந்து அலையை நோக்கிச் சிமெண்டுக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. கம்பி இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு படகும் இல்லை. எல்லாம் வடக்கே ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. வலை உலர்த்த இடமில்லாமல் படகுகளின் மேலேயே போட்டிருந்தார்கள்.

கரைவலை அப்போதுதான் ஏறியிருந்தது. நெத்திலியும் காரப்பொடியுமாக மீன் வெள்ளை வெளேரென்று துள்ளிக்கொண்டிருந்தது. ஊர்த்தலைவர் அருணகிரி, முழங்கால் வரை மடித்த லுங்கியோடு, பங்கு பிரிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவரைக் கண்டும் வேலை நிற்கவில்லை. கூடை நிறைய அள்ளி ஒருவன் மணலில் கொட்டினான்.

"கோயில் பங்கு!"

திருநாவுக்கரசு அடுத்த கூடையைப் பார்த்தபடி நின்றார். இனித் தம் பங்கு இராது என்றுதான் வழி நெடுக நினைத்து வந்தார். இராவிட்டால் அதுவே தமக்குத் தண்டனை என்று மனத்தைத் தேற்றியும் வைத்திருந்தார். இரண்டாம் கூடை அதன் பக்கத்தில் கவிழ்ந்தது.

"வக்கீல் பங்கு!"

குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சொன்ன அதே குரல்.

"வா வக்கீலய்யா" என்றாள் கன்னியம்மா. மீன் கூடையோடு மாமல்லபுரம் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கூடையை இறக்கி வைத்தாள். அவளுடைய புருஷன்தான் வழக்கின் முதல் வாதி. தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோனவன். "டில்லியில எங்களப் பத்தி நல்லாப் பேசினியாமே. டீக்கடையில படிச்சுக் காட்டினாங்க. எங்க கேசு இங்க செங்கல்பட்டுல கீது, நீ அங்க யாருக்கு எடுத்துச் சொன்ன?"

"கன்னியம்மா, வாய மூடு" என்றார் அருணகிரி.

"நான் இன்னா இல்லாததையா சொல்றேன்? மொத பஸ்ஸுக்குப் போயி, நாஸ்தாகூடத் துன்னாம, கூண்டுல ஏறினா இன்னா சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துகினு போனேன். கூண்டுல ஏத்தவே இல்ல. திரும்பி வந்தா கம்பம் நட்டுகினு கீறான்."

அருணகிரி திருநாவுக்கரசின் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார். "கையெழுத்துதானே வக்கீல் சார்? போட்டுடறோம். அப்பறம் நீங்க பாத்துக்குங்க."

"அடுத்த வாய்தாவில் நான் தில்லியில் இருந்தால்?"

கேள்வி அவர் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் கேட்ட பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது. தர்மராஜ் சொல்லும் பொய், வழக்கை உயிர்ப்பிக்கும். உயிர்ப்பித்து, அதை நழுவவிட்ட அதே கையில் திரும்பக் கொடுக்கும்.

"பொறுத்துக்கறோம்" என்றார் அருணகிரி. "வேற இன்னா பண்றது? இந்தப் பொண்ணு ரெண்டு வருசத்துக்கு மின்னாடியே வந்து கேட்டுச்சு. 'என் பேர்லயும் ஒரு வக்காலத்து குடுங்க, அய்யா இல்லாதப்போ நான் நடத்தறேன்'னு. முடியாதுன்னு சொல்லிட்டோம்."

திருநாவுக்கரசு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னேன் சார். 'நான் செத்த பிறகு போட்டுக்கோ'ன்னு சிரிச்சீங்க."

அவருக்கு அது நினைவில் இருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு திறப்பு விழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது. சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். இவள் சிரித்தாளா என்பதை அப்போது அவர் பார்க்கவில்லை.

"ஏன் முடியாது என்றீர்கள்?" என்று அருணகிரியைக் கேட்டார்.

"பங்கு வச்ச ஆளு கீறப்போ வேற ஆளத் தேடக்கூடாது. அது ஊர்க்கட்டு. வலை மேஸ்திரிக்கும் அதான், ஒங்களுக்கும் அதான்."

"அப்படியானால் பங்கை எடுத்துவிடுங்கள். நான் சொல்கிறேன்."

"நீங்க சொல்லி எடுக்க முடியாது. ஊரு வச்சதை ஊருதான் எடுக்கும். அதுவும் சும்மா எடுக்காது. தப்புப் பண்ணவன் கூட்டத்துல வந்து, துண்டக் கழட்டிக் கோயில் முன்னால மணல்ல வச்சிட்டு, இன்னா பண்ணேன்னு ஒத்துக்கணும். அப்பறந்தான் பங்கு எடுக்கறது. வலையை அடகு வச்சானே பழைய மேஸ்திரி, அவனுக்கு அப்பிடித்தான் எடுத்தோம்." அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "ஒங்க மேல நாங்க தப்பு சொல்லல சார்."

"ஏன் சொல்லவில்லை?"

அருணகிரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னியம்மாதான் விடை சொன்னாள்: "யாரு சொல்றது? எம்.பி.யாச்சே."

திருநாவுக்கரசு மணலில் கிடந்த இரண்டு குவியல்களையும் பார்த்தார். ஒன்று தெய்வத்துக்கு, மற்றது தமக்கு. இவ்வளவு காலமும் அதை அவர் மரியாதை என்றே எண்ணியிருந்தார். அது மரியாதைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மரியாதையே ஊரின் காலில் கட்டிய கயிறாகவும் இருந்தது. முடிச்சு தம்மிடம் இருந்தும், மேடைதோறும் அதைக் காட்டிக் கைதட்டல் வாங்கினாரே தவிர, ஒரு நாளும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. துரையின் குரல் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் நின்றால் செய்தி மறுநாளே கட்சி அலுவலகத்துக்குப் போகும்.

"கூட்டத்தைக் கூட்டுங்கள்" என்றார். "இப்போதே."

"சார்" என்றாள் ஜெசிந்தா.

"நீயும் இரு."

அருணகிரி தயங்கினார். கன்னியம்மா தயங்கவில்லை, படகுகளின் பக்கம் திரும்பி, "டேய், அல்லாரும் கோயிலாண்ட வாங்கடா! வக்கீலு பேசணுமாம்!" என்று குரல் கொடுத்தாள். சந்தைக்குப் போகவேண்டிய கூடை மணலிலேயே இருந்தது.

ஆண்களும் பெண்களுமாக ஊர் கூடிற்று. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. திருநாவுக்கரசு தோளிலிருந்த கட்சிக் கரைத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, கோயிலுக்கு முன்னால் மணலில் வைத்தார். பல நூறு மேடைகளில் பேசியவருக்கு முதல் சொல் கிடைக்கச் சிறிது நேரமாயிற்று.

"பதினெட்டாம் தேதி வழக்கு என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. காய்ச்சல் இல்லை, தேதி தவறவில்லை, விமானமும் தவறவில்லை. தில்லியில் பேசினால் பெயர் வரும் என்று அங்கே இருந்துவிட்டேன். அதற்கு முன்னாலேயே இந்த வழக்கை இவளிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. என் பெயர் போய்விடும் என்று வைத்துக்கொண்டேன். பங்கை எடுத்துவிடுங்கள். வக்காலத்தை இவளுக்குக் கொடுங்கள்."

அருணகிரி எழுந்து, இரண்டாம் குவியலை இரு கையாலும் அள்ளிப் பொதுக் குவியலில் சேர்த்தார். மற்றொருவரும் சேர்ந்து அள்ளினார். "பங்கு எடுத்தாச்சு" என்றார் அருணகிரி.

"தண்டம்?" என்றாள் கன்னியம்மா. "தப்புன்னா தண்டம் கீதே. எம்.பி.ன்னா வுட்ருவீங்களா?"

இரண்டொருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அருணகிரி அவளை முறைத்தார். "சரி, நீயே சொல்லு, இன்னா தண்டம்?"

"அடுத்த தபா கேசு வர்றப்போ காருல வரக்கூடாது. எங்ககூட மொத பஸ்ஸுல வரணும். கோர்ட்டுல எங்க பெஞ்சில குந்தணும். கூப்புட்ற வரைக்கும் குந்தினு இருக்கறது இன்னான்னு பாக்கட்டும்."

"வருகிறேன்" என்றார் திருநாவுக்கரசு.

செங்கல்பட்டு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை தர்மராஜின் வாக்குமூலத்தைக் கிழித்தது. "நல்லாத்தானே எழுதியிருந்தேன் சார்" என்று தர்மராஜ் முனகினான். "நன்றாகத்தான் இருந்தது" என்றார் அவர். பிறகு காகிதம் எடுத்துத் தம் பெயரில், தம் கையாலேயே, கூட்டத்தில் சொன்னதைச் சட்ட முறைக்கு உரிய வரிசையில் எழுதினார். ஜெசிந்தாவின் புதிய வக்காலத்தை அவள் முன்னால் நீட்டியபோது, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிய பேனா, கையெழுத்துக்கு முன் ஒரு கணம் நின்றது. அவள் அதைப் பார்க்காதவள் போலச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்திட்டார்.

மனு ஏப்ரல் 10 ஆம் தேதி தாக்கலாயிற்று. கோடை விடுமுறை கழித்து, ஜூன் 14 ஆம் தேதி விசாரணைக்கு வந்தது. அன்று நாடாளுமன்ற உறுப்பினர் திருநாவுக்கரசு, கன்னியம்மாவுக்கும் அருணகிரிக்கும் நடுவில் முதல் பேருந்தில் வந்து, வழக்காடிகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய நண்பர்கள் சிலர் அருகில் வந்து முன்னால் அமரும்படி அழைத்தார்கள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய வாக்குமூலத்தை வரிக்கு வரி உரக்கப் படித்து, புகழுக்காக நீதிமன்றத்தைப் புறக்கணித்தது தக்க காரணம் ஆகாது என்று வாதிட்டார். ஜெசிந்தா எழுந்தாள். கட்டின்மேல் இடக்கையை ஊன்றிக்கொண்டாள். காரணம் வழக்கறிஞருடையது, நட்டம் வாதிகளுடையது என்றாள். வாதிகள் அன்று நீதிமன்றத்தில் காத்திருந்ததை நீதிபதியே பார்த்திருக்கிறார் என்றாள். அவள் குரல் உயரவில்லை.

"நல்லா பேசுதா?" என்று கன்னியம்மா அவர் காதோரம் கேட்டாள்.

"நன்றாகப் பேசுகிறாள்."

"ஒன்ன மாரியே கீது" என்றாள் அவள். திருநாவுக்கரசு கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

நீதிபதி அன்றே உத்தரவிட்டார். வழக்கறிஞரின் தவற்றுக்கு வாதிகளைத் தண்டிக்கக் கூடாது என்பதால் வழக்கு மீண்டும் கோப்பில் எடுக்கப்பட்டது. எதிர்த்தரப்பின் செலவுத் தொகையைத் திருநாவுக்கரசு தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று ஆணையாயிற்று, அவர் கட்டினார். தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கன்னியம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள்.

2003 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் தேதி தீர்ப்பு வழங்கப்பட்டது. பனையடிக்குப்பத்து மணலில் படகேற்றவும் வலை உலர்த்தவும் ஊருக்கு நெடுநாளைய வழக்காற்று உரிமை உண்டு என்றும், கம்பங்களை நிறுவனம் தன் செலவில் அகற்ற வேண்டும் என்றும் முடிவாயிற்று. தடை இல்லாதிருந்த இடைவெளியில் தெற்கு மூலையில் எழுப்பப்பட்ட சுவரை மட்டும் இடிக்க வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அவ்வளவு மணல் ஊருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 2004 தேர்தலில் கட்சி திருநாவுக்கரசை நிறுத்தவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. அவர் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பினார். தீர்ப்பு வந்த வாரத்தில் ஊர் கூடி, இனி எந்த வழக்கறிஞருக்கும் பங்கு வைப்பதில்லை என்றும், ஜெசிந்தாவுக்குரிய கட்டணத்தை ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து ரொக்கமாகக் கொடுப்பது என்றும் முடிவு செய்தது.